பிடித்த கையை விடாத நாத்தனார்

என் மகளுக்குக் கையில் பலமில்லை. பிடித்த வாளியை உடனே விடவும் வராது. ஊட்டிக் குளிர்தான் காரணம் என்று கையுறை மாட்டியே காலத்தை வீணாக்கினேன். கணவரின் அக்காவோ சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் என் பிறந்த வீட்டை இழுத்து, "உங்க ஊட்டுச் சீக்குதான் புள்ளைக்கு வந்திருக்கு" என்றார்.

கோவை டாக்டரிடமும் கூடவே வந்தார். டாக்டர் தன் விரலை மகளிடம் கொடுத்து, இறுகப் பிடித்து விடச் சொன்னார். அவள் பிடி மெல்ல மெல்லத்தான் தளர்ந்தது.

"பரம்பரைத் தசைநோய் மாதிரி தெரியுதுங்க. அப்பா வழியா, அம்மா வழியான்னு பார்க்கணும்."

எனக்குப் பொறி தட்டியது. ஸ்தோத்திரம் சொல்லிக் கைகொடுத்தால் நாத்தனார் லேசில் விடமாட்டார். பாசக்காரர் என்று சபையே மெச்சும்.

"டாக்டர், எங்க ரெண்டு பேர் கையையும் பாருங்க" என்றேன்.

என் கை சட்டென்று விரிந்தது. நாத்தனார் கை விரியவில்லை. கணவர் வழி என்று மரபணுப் பரிசோதனையும் சொல்லிவிட்டது.

மகளுக்கு இப்போது மாத்திரை, பயிற்சி, வருடாவருடம் இதயப் பரிசோதனை. குளிர்மேல் நான் பழி போடுவதில்லை.

ஞாயிறுதோறும் முதல் ஆளாகப் போய் நாத்தனாருக்குக் கைகொடுக்கிறேன். அவர் விரல்கள் பிரியும்வரை சிரித்தபடி, சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறேன்:

"மெதுவா விடுங்க அண்ணி. உங்க ஊட்டுச் சீக்குதானுங்களே."