சுண்ணாம்புப் புள்ளியில் செந்தூரம்

கல்கத்தாவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிது. பவானிபூரில் நாங்கள் குடியிருந்த சந்தின் முனையில் ஒரு சிவன் கோயில் இருந்தது. செங்கல் கோயில், சுவரெல்லாம் சுட்ட மண்ணில் செய்த யானை, படகு, பல்லக்கு. சாலையை அகலப்படுத்த அதை இடிப்பதென்று முடிவாகியிருந்தது. நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போயிருந்தது; பூசாரி வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. இடிப்பதற்கு முன் கோயிலைப் பதிவுசெய்து வைக்கும் வேலை எங்கள் ஆபீஸில் என் தலையில் விழுந்தது.

கோயிலை இரண்டு இடங்களிலிருந்து படம் எடுக்க வேண்டும். அந்த இடங்களுக்கு இடையே உள்ள தூரம் தெரிந்தால், படங்களை வைத்தே கோயிலின் அளவுகளைக் கணக்கிட்டு வரைந்துவிடலாம். ஒரே புள்ளி இரண்டு படத்திலும் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கைக்கு எட்டியவரை சுவரில் ஆங்காங்கே சுண்ணாம்பு அப்பினேன்.

பூசாரியின் மனைவியைச் சந்தில் எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது எதுக்கு பாபு?"

"அளவெடுக்க, பௌதி."

"கோயிலை ரிப்பேர் பண்ணப் போறாங்களா?"

கேமரா முக்காலியின் திருகைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். சொன்னால் அழுவார், கூட்டம் கூடும், வெளிச்சம் போய்விடும். அப்போது அது எனக்கு நியாயமாகப் பட்டது.

மறுநாள் போனால் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியின் நடுவிலும் செந்தூரப் பொட்டு! சர்க்கார் வேலையில் பௌதி கை வைக்கிறாரே என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே படம் எடுத்தேன். பிரதி போட்டுப் பார்த்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் காலத்துக் கேமராக் கண்ணாடித் தட்டில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். வெள்ளைப் புள்ளியின் நடுவே, பேனா முனையால் வைத்ததுபோல் கரும்பொட்டு. என் சுண்ணாம்பை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் துல்லியம் வந்திருக்காது.

அதன்பிறகு செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது. இரண்டாவது இடத்திலிருந்து படம் எடுப்பதற்குள் மழையில் பொட்டுகள் கரைந்தபோது நானே போய், "பௌதி, இன்னொரு தடவை வச்சுடுங்க. வச்சா நல்லா வரும்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தார்.

வீட்டில் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். சாதம் பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"ஏன்னா, இடிக்கப் போறான்னு அவாகிட்டச் சொன்னேளா?"

"அது என் வேலையில்லை."

"பொட்டு வைக்கச் சொல்றது மட்டும் உங்க வேலையாக்கும்."

அதற்குப் பிறகும் போய்ச் சொல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்த எங்கள் ஆபீஸ் துரை என் முதுகில் தட்டி, இனி கோயில் போனாலும் கவலையில்லை என்றார். எனக்குப் பூரிப்பாகவும் இருந்தது, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இடித்த அன்று காலையில் வேறு வழியாக ஆபீஸுக்குப் போனேன். மாலையில் தப்ப முடியவில்லை. லிங்கத்தைப் பூசாரி உறவினர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். பௌதி மட்டும் இடிபாட்டுக்கு நடுவே உட்கார்ந்து, பொட்டு வைத்த செங்கற்களைத் தேடி, தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. என்னைக் கண்டதும் அவசரமாக எழுந்து வந்தார்.

"பாபு, பொட்டு வச்ச கல்லெல்லாம் பத்திரமா எடுத்துட்டு இருக்கேன். எது எங்கே இருந்ததுன்னு உங்ககிட்ட அளவு இருக்கே. எப்போ திருப்பிக் கட்டுவீங்க?"

அளவு இருந்தது. எந்தக் கல் எங்கே இருந்தது என்று காகிதத்தில் விரல் வைத்துக் காட்ட என்னால் முடியும்.

"சீக்கிரமே, பௌதி" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கல்லைத் தேடப் போனார்.