உள்ளே தள்ளிய குமிழ்

என் தையல் மிஷின் இழுப்பறையில், பாபின்களுக்கும் உடைந்த சாக்பீஸ் துண்டுகளுக்கும் நடுவே, ஒரு கருப்புக் குமிழ் கிடக்கிறது. பழைய பியட் கார்களில், ஆறிக்கிடக்கும் இன்ஜினைக் கிளப்ப வெளியே இழுப்பார்களே, அந்த சோக் குமிழ். அதன் பின்னால் வெட்டிவிட்ட கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நூல் எடுக்கக் கை விடும்போதெல்லாம் விரலில் குத்தும். "அதை எதுக்கு இன்னும் வெச்சிருக்கறே?" என்று வீட்டுக்காரர்கூடக் கேட்டிருக்கிறார். அதைப் பார்த்தால் என் அப்பாவின் முகம் நினைவுக்கு வருகிறது. அவருக்கு எத்தனையோ முகங்கள் உண்டு, சந்தையில் பேரம் பேசும் முகம், பந்தியில் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தும் முகம். இந்தக் குமிழைக் கண்டால் மட்டும் அவர் வெட்கப்பட்டு நின்ற முகம்தான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பா சத்தியமங்கலத்துப் பக்கம் வாழையும் மஞ்சளும் போடுகிறவர். வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை. மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா என்று பத்துப் பேரிடம் விசாரித்துத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். கார் பைத்தியம் உண்டா என்று விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவரும் கூட்டாளிகளும் ஊருக்கு வெளியே, பாதியில் நின்றுபோன ஒரு நேர் ரோட்டில் வண்டிகளை விரட்டுவார்கள். அந்த வருஷம் அவர்களுக்குப் புதிதாக ஒரு பித்து பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கத்துக்குக் கொடுக்கிற வாயுவை இன்ஜினுக்குள் விட்டால் வண்டி பறக்குமாம். ஆனால் அந்த வாயு சேர்ந்தால் பெட்ரோல் மிக வேகமாக எரிந்துவிடும். அதனால் பிளக்கில் பொறி விழுவதைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் அதன் தலையில் அடி விழுந்து ஓட்டையாகிவிடும். இதையெல்லாம் அவர் ரசம் சோற்றைப் பிசைந்தபடி எனக்கு விளக்குவார். நானும் தலையாட்டிக்கொண்டே பொரியல் வைப்பேன்.

அந்தத் தாமதத்தைத் தானாகவே செய்யும் கருவி வெளிநாட்டில்தான் கிடைத்தது, விலையைக் கேட்டாலே தலை சுற்றும். மற்றவர்கள் ஓடும் முன் ரோட்டிலேயே பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்குப் பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கையால் கொஞ்சம் திருப்பி வைப்பார்கள். ஓடி முடித்ததும், வீட்டுக்கு ஓட்டிவர மறுபடியும் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். இவருக்கு அது சலிப்பாக இருந்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு சோக் குமிழையும் கேபிளையும் வாங்கிவந்து, கேபிளின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரில் கட்டி, குமிழை டேஷ்போர்டில் அசல் சோக்குக்குப் பக்கத்திலேயே பொருத்தினார். வெளியே இழுத்தால் பொறி தாமதமாகும். உள்ளே தள்ளினால் பழைய நிலை. இவ்வளவு மலிவாக வேறு யார் செய்துவிட முடியும் என்று ஒரு வாரம் கால் தரையில் பாவாமல் திரிந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு வாழைத்தாரோடு எங்களைப் பார்க்க வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. "வாங்க மாமா, நம்ம வண்டி ஓடறதைப் பாருங்க" என்று இவர் கூப்பிட்டதில் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சலவை வேட்டி கட்டி, புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல வெயில். ஓட வேண்டிய முறை நெருங்கியதும் இவர் குமிழை இழுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி, டிக்கியில் இருந்த வாயு சிலிண்டரைச் சரிபார்க்கப் போனார். வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று அப்பாவை வண்டிக்குள் உட்காரச் சொன்னதும் இவர்தான்.

அந்தக் காலத்தில் கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குக்கூட ஒன்று தெரியும். இன்ஜின் சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். பெரியப்பாவின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் அதைத் தள்ளிவிடுவது அப்பாவின் வேலை. இங்கேயும் இன்ஜின் கொதிக்கிறது, குமிழ் வெளியே நிற்கிறது, சத்தமும் சோர்ந்து சோர்ந்து வருகிறது. அப்பா குமிழை உள்ளே தள்ளினார். தள்ளியதுமே சத்தம் சீராகிவிட்டது. ஜன்னலோரம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ள சோக்கைத் தள்ள மறந்துட்டாரு கண்ணு. என்னமாப் பெட்ரோலு வீணாவுது" என்றார். ரசத்தோடு கேட்ட பாடம் எதுவும் எனக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை. நல்லதுதான் செய்தார் என்று நானும் சிரித்தேன்.

இவர் ஓடிவந்து ஏறினார். அப்பா இறங்கிக்கொண்டார். கொடி இறங்கியதும் வண்டி பாய்ந்தது, இவர் வாயு ஸ்விட்சைப் போட்டார். தகர டின்னில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். அப்புறம் ஒரு வெடிப்பு, பின்னால் வெள்ளைப் புகை. பிஸ்டன் போய்விட்டது. எல்லாரும் ஓடினோம். ஒருவர் டேஷ்போர்டை எட்டிப் பார்த்துவிட்டு, "குமிழை யாரு தொட்டது?" என்று கேட்டார். அது தானாக உள்ளே போயிருக்கும் என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்லத் தொடங்கும்போதே அப்பா கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார். "நானுங்க. நாந்தானுங்க தள்ளிப்போட்டேன்" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். வயதில் சின்னவர்கள் அத்தனை பேர் முன்னால், தன் மாப்பிள்ளையின் முன்னால், துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காக அவமானப்பட்டேனா, அவரால் அவமானப்பட்டேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "நீங்க என்னங்க மாமா பண்ணுவீங்க? சோக்குக் குமிழைக் கொண்டுபோய் அங்கே வெச்சது என்ற தப்புங்க. ஆரா இருந்தாலும் தள்ளத்தானுங்க செய்வாங்க" என்றார். அது உபசார வார்த்தை இல்லை. அன்று இரவு என்னிடமும் அதையேதான் சொன்னார், முட்டாள்தனமாக வேலை செய்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் எங்கள் பக்கத்தில் மாமனாரிடம் மாப்பிள்ளை வேறு எப்படிப் பேசுவார்? வீடே பற்றி எரிந்தாலும் "பரவாயில்லைங்க மாமா" என்றுதான் சொல்லுவார். நிஜமாகவே பரவாயில்லை என்று சொல்ல எங்களிடம் தனியாக ஒரு வார்த்தை இல்லை. அப்பா ஊருக்குப் போய் அம்மாவிடம், "மாப்ள தங்கம். ஒரு சொல்லு சொல்லலை பாரு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம்.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் கை நனைத்ததும் கிளம்பிவிடுவார். இவர் வண்டியை எடுத்தால், "பஸ்ஸு இருக்குதுங்க மாப்ள" என்று காந்திபுரத்துக்கு நடப்பார். மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் குழந்தை அழுதுகொண்டிருக்க, தாத்தா பந்தலின் கடைசியில் சமையல்காரரோடு நின்றிருந்தார். அம்மாதான் என்னைத் தனியே இழுத்துச் சொன்னாள். "மாப்ள கோவமா ஒரு வார்த்தை பேசியிருந்தா உங்கொப்பன் அழுதுபோட்டு எந்திரிச்சிருப்பாரு அம்மணி. இப்ப அது உள்ளயே கெடக்குது." நான் இவரிடம் கெஞ்சினேன், ஒரு தடவை அப்பாவைத் திட்டிவிடுங்கள் என்று. உலகத்தில் வேறெந்தப் பெண்டாட்டி இப்படிக் கேட்டிருப்பாளோ தெரியாது. இவரும் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு போய், "ஏனுங்க மாமா, அன்னைக்குத் தொடறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமுங்க" என்றார். அப்பா கையைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டார். அம்மாவிடம் வந்து, "என்ற மனசு ஆறட்டுமுன்னு மாப்ள கோவிச்சுக்கற மாதிரி காட்டிக்கறாரு" என்றாராம்.

இவர் அந்த வண்டியை விற்றார், பந்தயத்தையும் விட்டார். விற்கும் முன் கழற்றிய குமிழைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டவள் நான். ஏனோ அது அப்பாவின் பொருள் என்று பட்டது.

போன மாதம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, நானே காரில் ஊருக்குக் கூட்டிப்போனேன். என்னுடைய கார், என் பேரில் வாங்கியது. முன்சீட்டில் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்னூர் தாண்டி, புளியம்பட்டியும் தாண்டிய பிறகுதான் கவனித்தேன், ஏசி காற்று நேராக அவர் நெஞ்சில் அடிக்கிறது, தாடை நடுங்குகிறது. "ஏனுங்கப்பா, குளுருனா சொல்லக்கூடாதுங்களா?" என்று வண்டியை ஓரம் கட்டினேன். அவர் முழங்காலுக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது அதைக் குறைக்கும் திருகு, கருப்பாக, உருண்டையாக, ஏறக்குறைய அந்தக் குமிழின் அளவில். கோத்திருந்த கைகளைப் பிரித்து, ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்தேன். "திருப்புங்கப்பா. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

விரல்கள் அதன் மேல் சும்மா இருந்தன. பிறகு மெல்லக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாங் கண்ணு" என்றார். "மாப்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."