தம்பியின் பங்குக் கருப்பட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாய்க்குப் பல் விளக்கிவிட்ட ஒரே ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எல்கடுவ மலையில் மனுஷருக்குப் பல் வலித்தாலே ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், விடியற்காலையில் வாசலில் குந்தியிருந்து, ஈரத்துணியை விரலில் சுற்றி, ஒரு செவலை நாயின் வாயைத் துடைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"பல்லு வெளக்கியாச்சு, பவுடர் எப்ப போடுவீங்க?" என்பாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி.

"நாய்க்கு வாழ்க்கைப்பட்டா கொரைச்சுத்தான ஆகணும்" என்பேன் நான். எரிச்சலோடுதான் சொல்வேன். கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. அங்கே போனாலும் நாள் முழுக்க வாய் துடைக்கும் வேலைதான்.

நாய் என் தம்பியுடையது. குட்டியாகத் தூக்கி வந்து வளர்த்தவன் அவன். பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். ஆமிக்காரர்களின் ஒரு சுற்றிவளைப்பில் சந்தேகம் என்று மற்றப் பையன்களோடு அவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கேஸும் இல்லை, விடுதலையும் இல்லை. பார்க்கப் போனால் பார்க்க விடவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் நானும் நாயும் மிஞ்சினோம். அம்மா அந்த நாயை அப்படிப் பார்த்துக்கொண்டாள். "அவன் வந்து நாய் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்பாள். அவன் வருவானா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நாயைப் பற்றி மட்டும்தான் பேசுவாள்.

எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியில் இனிப்பைக் கலக்க மாட்டோம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, இல்லாவிட்டால் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. அதைக் கடித்துக் கடித்து, வெறும் தேயிலைச் சாயத்தைக் குடிப்போம். அம்மா ஒவ்வொரு வேளையும் தம்பியின் பங்குக் கருப்பட்டியையும் எடுத்து வைப்பாள். நாங்கள் குடித்து முடியும்வரை அது தட்டில் இருக்கும். "எறும்பு தின்னுறத அவன் நாய் திங்கட்டும்" என்று பிறகு நாயிடம் நீட்டுவாள். அதுவும் அவள் உள்ளங்கையைச் சுத்தமாக நக்கிவிட்டுப் படுக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது கெடுதல் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் நாயின் வாய் நாறத் தொடங்கியது. ஈறு சிவந்து வீங்கி, சோற்றுத் தட்டில் இரத்தம் பட்டது. பிறகு சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை. எங்கள் மலையில் தெரிந்த ஒரே வைத்தியத்தை அவளும் செய்தாள். கராம்பை நுணுக்கி ஈறில் அப்பினாள். நாய் அலறி, நுரை தள்ளி, விறகுக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டது. அம்மா கூப்பிட்டால்கூட வரவில்லை. "அவன் நாய நானே கொன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

மறுநாள் கொழுந்துக்காரர் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் நாயைச் சுற்றி, தோட்டத்து லொறியில் மாத்தளை டவுனுக்குக் கொண்டுபோனோம். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரப் பையன் சாக்கைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையைக் காட்டினான். அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்த ஒரே இடம் அதுதான்.

மாட்டு டாக்டர் சிங்களவர், பொறுமையான மனுஷன். நாயின் மேலுதட்டைப் பெருவிரலால் தூக்கி, பல்லில் மண்ணிறமாகப் படிந்திருந்த கல்லைக் காட்டினார். மயக்க ஊசி போட்டு, ஆடிய பற்களைப் பிடுங்கி, மிச்சத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கினார். முன்னால் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. இருக்கிற பல்லையும் ஈறையும் தினமும் துடைக்க வேண்டும், சோற்றைக் குழையப் பிசைந்து கொடுக்க வேண்டும், கராம்பு வேண்டவே வேண்டாம் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இனிப்பும் கூடாது என்றதும் ஆட்டிய தலை நின்றது.

"கொஞ்சம்கூடக் குடுக்கக் கூடாதுங்களா, ஐயா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

அவர் கூடாது என்றார். அந்தக் கொஞ்சம் யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன். அம்மா பழக்கத்தில் தம்பியின் பங்கையும் எடுத்துவிட்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு டின்னுக்குள் போட்டு மூடினாள். அன்றிலிருந்து அவன் பங்கெல்லாம் அந்த டின்னுக்குள் போனது. நான் காலையில் நாயின் வாயைத் துடைப்பேன், அவள் சோற்றைப் பருப்புத் தண்ணீர் விட்டு விரலால் மசிப்பாள். நாய் தேறியது.

மழைக்காலம் முடியும் தறுவாயில், ஒரு மத்தியானம், தம்பி தானாக நடந்து வந்தான். முன்கூட்டியே ஒருவரும் சொல்லவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தான். நாய்தான் முதலில் கண்டது. ஓடிப்போய் அவன்மேல் பாய்ந்து, முகமெல்லாம் நக்கியது. அவன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டே சிரித்தான். அம்மா கிட்டப் போய் அந்தக் கையை எடுத்துவிட்டு, டாக்டர் நாய்க்குப் பார்த்ததுபோலவே அவன் மேலுதட்டைப் பெருவிரலால் தூக்கினாள். முன்பற்கள் இல்லை.

அவன் அவள் பிடியிலிருந்து நழுவி, கீழே உட்கார்ந்து நாயின் வாயைத் திறந்து பார்த்தான்.

"என்னம்மா, இவனையும் புடிச்சிட்டுப் போனாங்களா?" என்றான்.

அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். அம்மா அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனைக் கொண்டுபோன நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அன்று அம்மா சோற்றை இரண்டு தட்டில் மசித்தாள். சாப்பிட்டு முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றி, டின்னைத் திறந்து, கடிக்க முடியாது என்று கருப்பட்டியைத் தட்டித் தூளாக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள். நாய் வாசம் பிடித்து வந்து அவன் முழங்காலில் தாடையை வைத்தது. அவன் கையை அதன் பக்கம் நீட்டப் போனான். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குக் குடுக்காத. ஒனக்குன்னு வச்சது. நீ தின்னுப்பா."