செருப்போடு ஒரு பாதயாத்திரை

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் டென்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. அடிக்கிற அப்பாவிடமிருந்து தப்பி, ஓர் அண்ணனும் தங்கையும் ரயிலேறிப் போகிற கதை. படம் முழுவதும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒருமுறைகூடப் பசிக்கவில்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. எங்கள் அப்பா தச்சர். குடித்துவிட்டு வந்தால் மரம் அளக்கிற முழக்கோலால் அடிப்பார். அக்காவின் முதுகில் அதன் தடம் ஆறாத வாரத்தில்தான் படம் பார்த்தோம். எங்களுக்கு ரயில் தேவைப்படவில்லை. அது தை மாதம். பழனிக்கு நடப்பவர்கள் காரைக்குடி வழியே சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் அந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டோம்.

குன்றக்குடிச் சாலையில் ஒரு மோர்ப்பந்தல். அங்கே மாலை போட்டிருந்த ஓர் அம்மாள் எங்கள் கால்களையே பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், வயல்வேலை செய்து காய்த்த கைகள்.

“ஏத்தா, முருகன் உங்க ரெண்டு பேருக்கு மட்டும் செருப்புப் போட்டுக்கச் சொன்னாரா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சாலையில் வெறுங்காலோடு இல்லாதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

“கூட யாரு வந்திருக்கா?”

அக்கா முன்னால் கைகாட்டினாள். “அந்தா, அங்குட்டுப் போறாக.”

“அங்குட்டு மாட்டு வண்டியில்ல போகுது. மாடா உங்களக் கூட்டியாந்துச்சு?”

அக்கா அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள். இனி வீட்டுக்குப் போனால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்றாள். அந்த அம்மாள் தன்னோடு வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, எங்களோடு திரும்பி நடந்தார்.

வாசலில் அப்பா முழக்கோலோடு நின்றார்.

“தம்பி, நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். பந்தல்ல மோர் ஊத்த ஆளில்ல. சொல்லாமப் போனது என் தப்பு. பிள்ளைகள வையாதீக.”

அப்பா அவர் கழுத்து மாலையைப் பார்த்தார். மாலை போட்டவர் பொய் சொல்வார் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைக்கமாட்டார்கள். “உங்களோடதான் வந்துச்சுகளா, சரி” என்று கோலைச் சுவரில் சாய்த்தார். பின்னாட்களில் அடித்திருக்கிறார். அன்று அடிக்கவில்லை. அந்த ஒரு நாளுக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்த அம்மாளின் பாதங்களைக் கழுவினாள். நடந்து போகிறவர்களுக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான். குனிந்தபடியே, அப்பாவுக்குக் கேட்காமல் கேட்டாள்:

“எம்புட்டுத் தூரம் போயிருந்துச்சுக?”

“மோர்ப்பந்தல் வரைக்கும்.”

“மாலையப் போட்டுக்கிட்டு இப்படிச் சொல்லிட்டீகளே.”

“அத முருகன்ட்ட நான் பேசிக்கிறேன். நீ அந்தக் காலுக்கும் ஊத்து. நான் போயிப் பிடிக்கணும் முன்னால போனவுகள.”