கங்கையைப் பார்த்துவிட்டு வந்தவள்

பொறாமைக்கு நான் வேறு பெயர் வைக்கப் போவதில்லை. ஆதங்கம், அக்கறை, மனக்குறை என்றெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆறு மாதம், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்து நான் வயிறெரிந்தேன். அவள் நல்லவள், அதுதான் எரிச்சலைக் கூட்டியது. கெட்டவளாக இருந்திருந்தால் ஸ்டாஃப் ரூமில் நாலு பேரோடு சேர்ந்து திட்டித் தீர்த்திருக்கலாம்.

சதுரங்கப்பட்டினம் போகும் சாலையில் ஒரு தனியார் பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. ஆங்கிலமும் சமூக அறிவியலும் என்னுடையவை. பிள்ளைகளில் பாதிப்பேர் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் உள்ளே தள்ளியிருந்த கிராமங்களிலிருந்தும் வருவார்கள். மீதிப்பேர் டவுன்ஷிப் பிள்ளைகள், அப்பாக்களுக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். என் கணவரும் அங்கேதான் டெக்னீஷியன். எங்கள் ஒரே மகள் என் வகுப்பிலேயே படித்தாள். டீச்சர் பெற்ற பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. கேட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அம்மா என்று கூப்பிடக்கூடாது, எல்லாரையும் போல மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அவளும் ஒழுங்காக அப்படித்தான் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் இங்கிலாந்திலிருந்து வந்தாள். கல்லூரியில் சேருவதற்கு முன் ஒரு வருடம் உலகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவளாம். சம்பளம் வாங்காமல் பாடம் நடத்துவாள், லீவு கிடைத்தால் இந்தியாவைச் சுற்றுவாள். தலைமையாசிரியை என் ஆங்கில வகுப்பை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டார்.

"நீங்களும் கூட உக்காந்து பாருங்க டீச்சர், நமக்கும் நாலு விஷயம் தெரிஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். நான் பி.எட். முடித்தவள், பத்து வருடத்துக்கு மேல் சாக்பீஸ் தூளைத் தின்றவள். நேற்றுப் பிறந்தவளிடம் எனக்கு என்ன தெரிந்துகொள்ள இருக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. தலையை ஆட்டிவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

மிஸ் என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் திணறிவிட்டு அக்கா என்று ஆரம்பித்தார்கள். ஆக, என் மகள் பெற்றவளை மிஸ் என்றாள், எங்கிருந்தோ வந்தவளை அக்கா என்றாள்.

ஒருநாள் வகுப்பை மொத்தமாகக் கிளப்பிக் கொண்டு ஊரில் இருந்த பழைய டச்சுக் கோட்டைக்குப் போனாள். இடிந்த சுவரில் ஏறி உட்கார்ந்து, நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றாள். வகுப்பில் வாயே திறக்காத குப்பத்துப் பிள்ளைகள், வலை விரிப்பதையும் நண்டு பிடிப்பதையும் உடைந்த இங்கிலீஷில் கையையும் காலையும் ஆட்டி விளக்கினார்கள். என் வகுப்பில் யாரும் எதையும் விளக்கியதில்லை. "புரிஞ்சுதா?" என்பேன், "புரிஞ்சுது மிஸ்" என்று கூரை பறக்கக் கத்துவார்கள், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்கு என் மகள் அந்தப் பெண்ணின் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சோறு ஊட்டும்போதுகூட அந்த வாய் அப்படித் திறந்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்: என் மகள் என்னை ஒரு தடவை அப்படிப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்தப் பெண் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிவிடுவாள். அங்கிருந்து ரயில். மதுரை, கொச்சி, ஹம்பி. திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு வரவில்லை என்றால் அவளுடைய வகுப்பும் என் தலையில்தான் விழும். அவள் எங்கேயோ ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துகொண்டிருப்பாள், நான் அவள் முடிக்காத போர்ஷனை ஓட்டிக்கொண்டிருப்பேன். விளையாட்டு பீரியடை நான் பிடுங்கிக்கொண்டால்தான் போர்ஷன் முடியும். பிள்ளைகள் முறைப்பது என்னைத்தான்.

நான் பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் பக்கத்தில். தெற்கே போகும் வண்டிகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பாத்திரங்களை ஆட்டிவிட்டுத்தான் போகும். வடக்கே போகிற வண்டி எங்களைப் பொறுத்தவரை எழும்பூரோடு நின்றுவிடும். திருப்பதி, வேளாங்கண்ணி, கல்லூரியில் ஒரு மைசூர் டூர், என் பயணம் அவ்வளவுதான். கணவருக்கு ஆபீசில் எல்.டி.சி. உண்டு, ஆபீஸ் செலவில் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் குடும்பத்தோடு போகலாம். "வெயிலு, கூட்டம், தண்ணி வேற ஒத்துக்காது" என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் கை கழுவிவிடுவார். இந்திய வரைபடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். கங்கைக்கு நீல சாக்பீஸ், இமயமலைக்கு வெள்ளை. அந்த வடக்கில் ஒரு கைப்பிடி மண்ணை நான் மிதித்ததில்லை.

ஜனவரியில் காசிக்குப் போகப் போவதாக அந்தப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீங்களும் வாருங்களேன், மகளையும் கூட்டிக்கொண்டு" என்றாள். பக்கத்துக் கடைக்குக் கூப்பிடுவது மாதிரி அத்தனை சாதாரணமாகக் கூப்பிட்டாள். அன்று முழுக்க எனக்குப் பாடம் ஓடவில்லை. சாயங்காலம் கணவரிடம் கேட்டேன்.

"இன்னாது, காசிக்கா? காசிக்குப் போற வயசா இது?" என்று சிரித்தார். "ரிட்டயர் ஆனப்புறம் ரெண்டு பேருமாப் போயி கும்பிட்டு வர்லாம். அப்பால பொங்கலுக்கு வூட்ல பான வெக்கறது யாரு?"

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "அப்ப நான் மட்டும் அக்கா கூடப் போவட்டுமா?"

நான் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் காசியிலிருந்து திரும்பி வந்தாள். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்திருந்தது. பிள்ளைகள் போய் மொய்த்துக்கொண்டார்கள். என் பாடத்தில் அப்போது வட இந்திய ஆறுகள். நேரில் பார்த்துவிட்டு வந்தவளே சொல்லட்டும் என்று தலைமையாசிரியை அவளை என் வகுப்புக்கு அனுப்பினார். விடியற்காலைப் படகு, படிக்கட்டு, எரியும் சிதை, மணிச்சத்தம் என்று அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பெஞ்சு நுனிக்கு நகர்ந்துகொண்டே வந்தார்கள். பின்னால் கரும்பலகையில் நான் காலையில் வரைந்த படம். என் மகள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், கங்கை நீலமா இருக்காதாம். டீ கலர்ல இருக்குமாம்."

"உக்காரு" என்றேன்.

பிப்ரவரியில் மகளின் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாள் பிள்ளை கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு வரலாம். சாக்லேட் டப்பாவை ஏந்திக்கொண்டு, உயிர்த்தோழி ஒருத்தியைக் கூட அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு டீச்சராகத் தேடிப் போய் நீட்ட வேண்டும். டீச்சர் ஒன்றை எடுத்துக்கொண்டு கன்னத்தைத் தட்டி வாழ்த்துவார். பிடித்த டீச்சரிடம் முதலில் போவார்கள், இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவார்கள். யாரிடம் முதலில் போனாள் என்பதை ஸ்டாஃப் ரூமில் நாங்கள் எல்லாரும் கவனிப்போம், கவனிக்காத மாதிரி நடிப்போம். வருடாவருடம் என் மகள் முதலில் வருவது என்னிடம். அந்த வருடமும் செங்கல்பட்டுக்குப் போய் நானே தேடிப் பார்த்து வாங்கிய சாக்லேட்தான்.

அன்றைக்கு மூன்று பீரியட் ஓடியது, அவள் வரவில்லை. இன்டர்வெல்லும் போனது. "இன்னா டீச்சர், பொண்ணு பொறந்தநாளுன்னு பட்டுப்பாவாடை கட்டிக்கினு போவுது, எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கெடையாதா?" என்று கணக்கு டீச்சர் வாயைக் கிண்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மதியம் அந்தப் பெண் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்தாள். கையில் என் வீட்டு டப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "உங்கள் மகள் எனக்குப் பரிசு கொடுத்தாள், டப்பா முழுக்க! இவ்வளவையும் நான் எப்படித் தின்பது? நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் நீட்டினாள்.

நடந்தது புரிந்துவிட்டது. குழந்தை டப்பாவை நீட்டியிருக்கிறாள். ஒன்று எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லி, கட்டிப்பிடித்து, மொத்தமாக வாங்கி மேசையில் வைத்துக்கொண்டாள். நான் வாங்கிய சாக்லேட்டில் ஒன்றை, என் மகள் பிறந்தநாளுக்கு, அவள் கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். தாங்க்யூ என்றும் சொன்னேன்.

சாயங்காலம் மகளைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணு எடுத்துக்கினு குடுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்ல?"

"அக்கா ரொம்ப சந்தோஷப்பட்டாங்கம்மா. திருப்பிக் கேட்டா அவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்ல?"

"எனக்கு ஒரு மாதிரி ஆவாதா? எங்கிட்ட வர்லயே நீ!"

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "உனக்கு இன்னாத்துக்குமா? நீ வூட்லதான இருக்கற."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

மார்ச் கடைசியில் அந்தப் பெண் ஊருக்குக் கிளம்பினாள். திரும்ப வருவேன் என்றாள், வரவில்லை. அவள் போனதும் எல்லாம் என் பக்கம் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் கணக்கு பொய்த்தது. கூட இருக்கிறவளோடு போட்டி போட்டு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஜெயிக்கலாம், போய்விட்டவளோடு என்ன செய்வது? கோடை விடுமுறையில் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். முந்தின வாரமே நூலகத்தில் படித்து வைத்திருந்தேன். ஒற்றைக்கல் ரதம், குகை மண்டபம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி விளக்கினேன். "ம்" கொட்டினாள். முதுகில் பையோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. "போலாமாம்மா? இது நம்ம ஊருதானே" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன்.

மகள் பெரியவளாகி இன்ஜினியரிங் படித்து, சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு பக்கத்தில்தான், ஆனாலும் தோழிகளோடு கேளம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் பையைத் தூக்கிவிடுவாள். ஹம்பி, லடாக், காசி. கேமராவில் படம் காட்டுவாள். கங்கை டீ நிறத்தில்தான் இருந்தது. "சூப்பரா இருக்கு" என்பேன், இரண்டு நாளைக்கு யாரோடும் சரியாகப் பேச மாட்டேன். என் கணவர் அதை முழங்கால் வலி என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, வேலையை விடப்போகிறேன் என்றாள். தான்சானியாவில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடம், ஒரு வருடம் சம்பளமில்லாமல் பாடம் நடத்தப் போகிறாளாம். பக்கத்து நாடுகளையும் சுற்றிப் பார்ப்பாளாம். வீடு இரண்டுபட்டது. கணவரின் அண்ணன் கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வராத குறைதான். "பொட்டப் புள்ளைய அம்மாந்தூரம் தனியா அனுப்புவாங்களா? ஒரு கண்ணாலத்தப் பண்ணி வுடுங்க, அப்பால எங்க வோணா போவட்டும்" என்று போனில் கத்தினார். கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் சொன்னா கேக்க மாட்டா. நீ வேணாம்னு சொன்னா நின்னுடுவா. சொல்லு."

அவர் சொன்னது சரி, நான் சொன்னால் நின்றுவிடுவாள். அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். அப்போது அவள் என்னைப் பார்த்தாள். முகத்தையே விட்டு அகலாத பார்வை, நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எத்தனையோ வருடமாக நான் ஏங்கிய பார்வைதான், ஆனால் அதில் பயம் இருந்தது. பயந்து பார்க்கும் பார்வையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"போ" என்றேன்.

பரந்த மனசு என்று எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். பரந்த மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. போகாமல் உட்கார்ந்தவள் ஒருத்தி போதும் அந்த வீட்டுக்கு. இன்னொருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலம் தள்ள எனக்குத் தெம்பில்லை.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். பாஸ்போர்ட்டைக் காட்டினாள், உள்ளே போனாள், முதுகுப்பையின் வாரை ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாக்களும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. கணவர் தோளைத் தட்டினார். "அழுவாத. ஒரு வருசந்தான, ஓடிப்பூடும்." பிரிவில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். எனக்கு எரிந்தது வயிறு. அதே பழைய எரிச்சல், இந்த முறை பெற்ற மகள் மேல்.

கூட்டத்துக்குள் அவள் தலை மறைந்தது.

"திரும்பிக்கூடப் பாக்காம போறா பாரு" என்றார்.

"நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்" என்றேன்.