நான்காவது ஆட்டத்தின் தேதி

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியை வேலை கிடைத்ததும், கூடைப்பந்து அணியை என்னிடம் தரும்படி நானே கேட்டு வாங்கினேன். எங்கள் குடும்பம் வேலை செய்யும் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கோப்பிக் களம் ஒன்று இருக்கிறது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகு அந்தச் சாந்துத் தரையில் காய வைக்க எதுவும் இல்லை. நான் பந்து தட்டப் பழகியது அங்கேதான்.

அதிபர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"இந்த முறையும் முதல் சுற்றோட திரும்பி வந்தா கூடைக் கம்பத்தக் கழட்டிருவோம் டீச்சர். வலைப்பந்துக்கு இடம் பத்தல."

எங்கள் பிரிவில் ஐந்து அணிகள். ஒவ்வொருவருக்கும் நான்கு ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களுக்கு வருபவர்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். தேதிகளைப் பயிற்றுநர்களே பேசி முடித்துக்கொண்டு, குறித்த நாளுக்குள் முடிவுகளை அனுப்ப வேண்டும்.

அட்டவணை போடுவதில் எனக்குப் பெருமை உண்டு. முதலில் ஆட முடியாத நாட்களை அடித்துவிடுவேன்: பௌர்ணமிப் போயா விடுமுறை, தவணைப் பரீட்சை, நோன்பு மாதம். பிறகு பலமான அணிகளைப் பின்னால் தள்ளுவேன். பிள்ளைகளின் கால்கள் ஆட்டத்துக்குப் பழக மூன்று வாரமாவது வேண்டும். அதனால் நான்கு ஆட்டங்களையும் நான்கு சனிக்கிழமைகளில் வைத்தேன். இடையில் ஒரு நாள் ஓய்வு, நான்கு நாள் கடும் பயிற்சி, வெள்ளிக்கிழமை வெறும் கூடை எறிதல். அக்குறணை அணிதான் எல்லோரிலும் பலம். அதைக் கடைசியில் வைத்தேன்.

அக்குறணை டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். அட்டவணை பேசியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தச் சனிக்கிழம எங்கட கேப்டன் புள்ளட வீட்டில கலியாணம் ஈக்கிது. ஒரு கிழம தள்ளிப் போட ஏலுமா டீச்சர்?"

ஒரு வாரம் தள்ளினால் என் பிள்ளைகளின் வேகம் குறைந்துவிடும் என்று கணக்குப் பார்த்தேன். "ஏலாது டீச்சர். அட்டவணைன்னா அட்டவணைதான்" என்றேன்.

முதல் ஆட்டத்தில் வென்றோம். இரண்டாவதில் தோற்றோம். இனி இருக்கும் இரண்டையும் வென்றே ஆக வேண்டும். அந்த வாரம்தான் எங்கள் பந்து நகர்த்தும் பிள்ளையின் அம்மா பாடசாலைக்கு வந்தார். அவர் கொழுந்து எடுப்பவர், தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். நான் அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு வந்து அறை எடுத்து இரண்டு வருடமாகிறது.

"திருவிழாவுக்கு நாள் வச்சாச்சு புள்ள" என்றார். அவர் சொன்ன நாள் எங்கள் நான்காவது ஆட்டத்தின் நாள். "நம்ம புள்ள பால்குடம் எடுக்குறா."

தோட்டத்து அம்மன் திருவிழாவின் தேதி எந்தக் காலண்டரிலும் இராது. கொழுந்து குறையும் வாரம் பார்த்து, தொழிற்சங்கத் தலைவர்மார் கூடி, தோட்டத்தை நடத்தும் துரையிடம் லீவு கேட்டு, அதன்பிறகுதான் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இது பிறந்ததிலிருந்தே எனக்குத் தெரியும். போயாவையும் நோன்பையும் பார்த்துப் பார்த்து அடித்த நான், எங்கள் சாமிக்கு ஒரு சனிக்கிழமையை விட்டுவைக்கவில்லை.

"காலண்டர்ல இல்லையேக்கா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"காலண்டர்ல இல்லேன்னா சாமி இல்லாமப் போயிருமா? நல்லாப் படிச்ச போ!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "போன வருசம் இந்தப் பந்து வெளையாடித்தானே கால ஒடச்சுக்கிட்டா? கால் சரியாகணும்னுதான் நேந்துக்கிட்டேன். அந்தக் காலாலதான் இப்ப ஒனக்கு ஓடுறா. செவ்வாக்கிழம காப்புக் கட்டுறோம். கட்டிட்டா தோட்டத்து எல்லையத் தாண்ட மாட்டா" என்றார்.

அந்தப் பிள்ளை இல்லாமல் அக்குறணையை வெல்ல முடியாது. மாலை முழுக்க யோசித்துவிட்டு அக்குறணை டீச்சருக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி, அவர் முன்பு கேட்ட அடுத்த சனிக்கிழமைக்கே போகலாமா என்றேன்.

"டீச்சர், நீங்க ஏலாதுன்டு சென்ன பொறகு, நாங்க கலியாணத்த அந்தச் சனிக்கிழமைக்கு மாத்திட்டோம்."

"கலியாணத்தையா?"

"வேற என்ன செய்ற? பொண்ணுட தங்கச்சிதானே கேப்டன். ஹோலும் மாத்தியாச்சு, கார்ட்டும் திரும்ப அடிச்சாச்சு."

கலியாண வாரத்தில் அவர்களால் ஆட முடியாது; அது முடிந்ததும் முடிவுகள் போய்ச் சேர வேண்டும். மிஞ்சியது காப்புக் கட்டுவதற்கு முந்தின திங்கட்கிழமை மட்டும். எங்கள் மூன்றாவது ஆட்டம் முடிந்து இரண்டாம் நாள். அவர்களுக்கோ அந்தச் சனிக்கிழமை ஆட்டமே இல்லை.

"ஏலாதுன்டு செல்ல எனக்கும் தெரியும்" என்றார். "நான் அப்பிடிச் செல்ல மாட்டேன். திங்கட்கிழம வாங்க. ஆனா எங்கட கிரவுண்டுக்குத்தான் வரணும்."

அட்டவணையைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். வாரம் முழுக்க ஓட்டப் பயிற்சியை நிறுத்தினேன். சனிக்கிழமை மூன்றாவது ஆட்டத்தில் பாதி நேரம் வரை ஒன்பது புள்ளிகள் முன்னால் இருந்தோம். அப்போது முதல் ஐந்து பேரையும் உட்கார வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளை இறக்கினேன். பார்க்க வந்த அதிபர் என்னை முறைத்தார். ஒன்பது இரண்டாகக் குறைந்தது. எழுந்து போய் மாற்றலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன், மாற்றவில்லை. இரண்டு புள்ளியில் தப்பினோம்.

திங்கள் பாடசாலை விட்டதும் பஸ்ஸில் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டபடி அக்குறணைக்குப் போனோம். முதல் பாதியில் பின்னால்தான் இருந்தோம். கடைசிக் கால்பகுதியில், ஒரு வாரம் ஆடாமல் இருந்த அவர்களுக்கு மூச்சு வாங்கியது; என் பிள்ளைகளின் காலில் இன்னும் வலு இருந்தது. நான்கு புள்ளியில் வென்றோம். இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போயின. கம்பம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பால்குடத்தன்று தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பிள்ளை ஒரு சொட்டுச் சிந்தாமல் கோயில் வரை நடந்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை கலியாணத்துக்கும் அழைப்பு வந்திருந்தது. கூச்சமாக இருந்தாலும் போனேன். அக்குறணை டீச்சர் என் கையைப் பிடித்து நேரே பெண்ணின் தாயிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவங்கதான் அந்த அட்டவணை டீச்சர்" என்றார்.

அந்தத் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, இவங்களா? நான் பெரிய ஆளா ஈக்கும்னு நெனச்சேன்" என்றார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் என் காது சூடேறியது. கேப்டன் பிள்ளை நகர்ந்து இடம் விட, ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டில் ஆறாவது ஆளாக உட்கார்ந்தேன்.