வாடாத வல்லாரை

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில், கீரைக்காரர் முன்னால்தான் அந்தத் தாயைச் சந்தித்தேன். வேலைக்குக் கட்டிப்போன சேலை, கலைந்த கொண்டை. ஒவ்வொரு வல்லாரைக் கட்டாக எடுத்து முகர்ந்து முகர்ந்து பார்த்தார். அவர் முடித்தால்தான் எனக்குக் கீரை கிடைக்கும்.

வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லது என்று பரீட்சைக் காலத்தில் எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுப்பார்கள். அந்த நினைப்பில், "பிள்ளைக்குச் சோதினையோ அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை. மகள் பள்ளிக்கூடம் போறேல்லை. ஒருத்தரோடையும் கதைக்கிறாள் இல்லை, அறையை விட்டு வெளியிலை வாறாளும் இல்லை. டொக்டரிட்டைக் காட்டினால் விசர், பைத்தியம் எண்டு பேர் வந்திடுமாம். மாமியும் என்ரை மனுசனும் சொல்லித்தான் இந்தச் சாறு குடுக்கிறன்."

"ஏதும் குணம் தெரியுதோ?"

"ஞாபகம் அவளுக்கு நல்லா இருக்குத் தங்கச்சி. அதுதான் வருத்தமே. நடந்ததிலை ஒண்டையும் மறக்கிறாள் இல்லை. மறக்கிறதுக்கு ஒரு இலை இருந்தால் சொல்லுங்கோ."

என்ன நடந்தது என்று நான் கேட்பதற்குள் கீரைக்காரர் இரண்டு கட்டு வல்லாரையை நீட்டினார். ஒன்று கொஞ்சம் வாடியிருந்தது. அந்தத் தாய் அதைத் திருப்பிக் கொடுத்து, பச்சையாக இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.